பாதியில் நின்ற போர்வைகள்

2019 செப்டம்பரில், சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள மவுன்ட் ப்ராஸ்பெக்ட் என்ற ஊரில் நடந்த வீட்டுச் சாமான் விற்பனைக்கு ஷானன் டவ்னி என்ற எம்பிராய்டரிக் கலைஞர் போயிருந்தார். அமெரிக்காவில் வீட்டுப் பெரியவர் காலமானதும் கதவைத் திறந்துவிட்டு, கட்டில் பீரோவிலிருந்து கரண்டி வரை விலை எழுதி ஒட்டி விற்றுவிடுவது வழக்கம். அந்த வீட்டில் இருந்தவர் ரீட்டா, 99 வயது வரை வாழ்ந்தவர். அங்கே ஒரு டப்பா கண்ணில் பட்டது. உள்ளே அமெரிக்க வரைபடம் ஒன்றும், மாநிலத்துக்கு ஒன்றாக 50 அறுகோணத் துண்டுகளும், சுற்றிலும் வைக்க நட்சத்திரங்களுமாக ஒரு பெரிய போர்வைக்கான சாமான்கள். ஒவ்வொரு அறுகோணத்திலும் அந்தந்த மாநிலத்தின் பறவையையும் பூவையும் தைக்க வேண்டும். ரீட்டா வேலையைத் தொடங்கியிருந்தார். தொடங்கியதோடு சரி.

டவ்னி டப்பாவை வாங்கி வந்து, இன்ஸ்டாகிராமில் விஷயத்தைச் சொல்லி, யாராவது கைகொடுக்க முடியுமா என்று கேட்டார். ஆயிரம் பேருக்கு மேல் முன்வந்துவிட்டார்கள். அறுகோணமும் நட்சத்திரமுமாகத் தபாலில் பிரித்து அனுப்பி, தைத்து வந்தவற்றை சிகாகோப் பக்கத்துப் பெண்கள் கூடி ஒன்று சேர்த்தார்கள். 2020-இல் அது கென்டக்கி மாநிலம் படூகாவிலுள்ள தேசிய குவில்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது.

எல்லா டப்பாவுக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. குவில்ட் தைப்பவர் இருக்கும் வீடு எதுவானாலும் பீரோ உச்சியிலோ கட்டிலுக்கு அடியிலோ இப்படி ஒரு டப்பா உண்டு. பல வீடுகளில் பத்துப் பதினைந்து. பேரன் பிறந்தபோது தொடங்கியது இருக்கும். பேரன் கல்லூரிக்கே போயிருப்பான். ஏதோ ஒரு வார இறுதி வகுப்பில் நாலு கட்டம் தைத்தது இருக்கும். மீதிக் கட்டங்களுக்கான துணி, வெட்டி ரப்பர் பேண்டு போட்டபடியே கிடக்கும். இந்த வட்டாரத்தில் அதற்கு யூஎஃப்ஓ என்று பெயர். பறக்கும் தட்டு இல்லை, 'அன்ஃபினிஷ்டு ஆப்ஜெக்ட்'. இந்த ஆயுசுக்குள் தைத்து முடிக்க முடியாத அளவுக்குத் துணி வாங்கிக் குவித்தவர்களைக் கேலி செய்யத் தனியாக ஒரு சுருக்கப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். கேலியையும் அவர்களே செய்துகொள்வார்கள், மறுநாள் துணிக்கடைக்கும் போவார்கள்.

சோம்பேறித்தனம் என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம்தான். ஆனால் எந்தச் சோம்பேறியும் முந்நூறு முக்கோணம் வெட்டி, நிறம் பார்த்து அடுக்கி, ஜோடி ஜோடியாகக் குண்டூசி குத்தி வைக்க மாட்டார். டப்பாக்களைத் திறந்து பார்த்தால் வேறொன்று தெரியும். அவற்றில் பெரும்பகுதி ஒரே இடத்தில் நின்றிருக்கும்.

அந்த இடம் எது என்று சொல்வதற்கு முன், குவில்ட் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். அது மூன்றடுக்குப் போர்வை. துணித்துண்டுகளை வடிவம் பார்த்து இணைத்தது மேலடுக்கு. அதை டாப் என்பார்கள். நடுவில் பேட்டிங் எனும் பஞ்சு விரிப்பு. அடியில் அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் போடும் தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். கடைசியாக நாலு ஓரத்தையும் சுற்றிப் பட்டி கட்டி மூடுவது பைண்டிங். கிடப்பில் போன உருப்படிகள் பெரும்பாலும் டாப்புக்கும் குவில்ட்டிங்குக்கும் நடுவில் நிற்பவை. டாப் முடிந்திருக்கும், அழகாக மடித்து வைத்திருப்பார்கள், அதற்கு மேல் ஒரு தையல் விழுந்திருக்காது.

ஏனென்றால் டாப் தைப்பதும் குவில்ட்டிங்கும் ஒரே பெயருக்குள் வந்து மாட்டிக்கொண்ட இரண்டு தனித்தனி வேலைகள். ஒருவர் உட்கார்ந்த இடத்தில் ரசித்து ரசித்துச் செய்யக்கூடியது முதல் வேலை. இரண்டாவது இடம் கேட்கும், முதுகைக் கேட்கும், பணம் கேட்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமத்துப் பெண்கள் இதைப் புரிந்து வைத்திருந்தார்கள். டாப்புகளை அவரவர் வீட்டில் குளிர்கால மாலைகளில் தனியாகத் தைத்துச் சேர்த்துக்கொள்வார்கள். குவில்ட்டிங்குக்கு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவார்கள். மரச்சட்டத்தில் மூன்றடுக்கையும் விறைப்பாக விரித்துக் கட்டி, நாலு பக்கமும் உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஒரே நாளில் பெரும்பகுதியைத் தைத்துவிடுவார்கள். சாப்பாடு, அரட்டை, சில இடங்களில் இரவு நடனம் என்று அது ஒரு விசேஷ நாள். அந்த நாளுக்காக டாப்புகள் அடுக்கடுக்காகக் காத்திருப்பது அந்தக் காலத்தில் யாருக்கும் குற்ற உணர்வைத் தரவில்லை. கூட்டம் கலைந்துபோனது, அடுக்கு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பிறகு வந்தது வெட்டும் சக்கரம். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் ரோட்டரி கட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பீட்ஸா வெட்டும் சக்கரம் போலப் பிடி வைத்த வட்டக் கத்தி, ஆனால் சவரக்கத்தியின் கூர்மை. அதற்கு முன் ஒவ்வொரு துண்டுக்கும் அட்டை வார்ப்பு வைத்து, பென்சிலில் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். சக்கரம் வந்தபின் நாலைந்து துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டம் போட்ட பிளாஸ்டிக் அடிக்கோலை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பு. இதற்கு ஓராண்டு முன்பே, 1978-இல், எலினார் பர்ன்ஸ் என்ற ஆசிரியை 'லாக் கேபின்' வடிவத்தை ஒரே நாளில் தைத்து முடிக்கும் முறையைப் புத்தகமாகப் போட்டிருந்தார். துண்டு துண்டாக வெட்டித் தைக்காமல் நீளப் பட்டைகளாகத் தைத்துவிட்டுப் பிறகு வெட்டுவதுதான் இந்த வேகத்தின் சூட்சுமம். வேகமான தையலும் வேகமான வெட்டலும் கைகோத்துக்கொண்டன.

அடுத்ததாக வெட்டும் வேலையையும் கடைக்காரரே செய்து கொடுக்க ஆரம்பித்தார். இரண்டரை அங்குல அகலப் பட்டைகள் நாற்பதைச் சுருட்டிக் கட்டி 'ஜெல்லி ரோல்' என்று விற்கிறார்கள். நாற்பதையும் தலைக்கு வால் இணைத்து ஒரே நீளப் பட்டையாக்கி, பாதியாக மடித்துத் தைத்து, மறுபடி மடித்துத் தைத்து என்று போனால் சுமார் 50க்கு 64 அங்குலத்தில் டாப் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் இடையில் கையில் வந்துவிடும். இதற்குப் போட்டியெல்லாம் நடத்துகிறார்கள். டாப்புக்குக் கிடைத்த இந்த வேகத்தில் கால்வாசிகூடச் சாதாரண வீட்டில் குவில்ட்டிங்குக்குக் கிடைக்கவில்லை.

ஏன் என்று புரிய, ஒரு டாப்பைத் தரையில் விரித்துப் பார்த்தால் போதும். முதலில் அடித்துணியைப் பின்பக்கம் மேலே தெரிய விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டித் தரையோடு இறுக்க வேண்டும். தளர்வாக இருந்தால் அடியில் மடிப்பு விழும். அதிகமாக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் பேட்டிங்கைப் போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவித் தடவி நீவ வேண்டும். அதற்குமேல் டாப். பிறகு முட்டி போட்டுக்கொண்டு நாலு விரல் அகலத்துக்கு ஒன்றாக, வளைந்த ஊக்குகளை மூன்றடுக்கையும் குத்தி எடுக்கும்படி போட்டுக்கொண்டே போக வேண்டும். கட்டில் அளவுப் போர்வை என்றால் நூற்றுக்கணக்கில் ஊக்கு. இந்த வேலையைத் தொழுகிற அளவுக்கு நேசிக்கும் ஒருவரும் உலகில் இருப்பதாகத் தெரியவில்லை. பசை ஸ்ப்ரே அடித்து ஒட்டும் வழி உண்டு. அதற்கும் தரையும் முட்டியும் வேண்டும்.

அடுத்தது மிஷின். வீட்டுத் தையல் மிஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையில் உள்ள சந்து பெரும்பாலும் ஆறேழு அங்குலம்தான். 90 அங்குல அகலப் போர்வையின் நடுவில் தைக்க வேண்டுமானால் பாதிப் போர்வையைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணிக்க வேண்டும். மீதி இடப்பக்கம் மேசையிலிருந்து தரைக்குச் சரிந்து ஊசியைத் தன் பக்கம் இழுக்கும். தையல் நீளம் ஒரு இடத்தில் எறும்பளவு, இன்னொரு இடத்தில் பல்லி அளவு என்று ஆவது இதனால்தான். இரண்டு மணி நேரம் இப்படி மல்லுக்கட்டிய தோள்பட்டை, அடுத்த டாப்பைப் பற்றி என்ன முடிவெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லாங்ஆர்ம் மிஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம். நீண்ட சட்டத்தில் போர்வையைச் சுற்றிவிட்டு, துணி அசையாமல் மிஷின் தலையை நகர்த்தித் தைப்பது அது. கூலி சதுர அங்குலக் கணக்கு. எளிய வடிவத்துக்கு இரண்டு சென்ட் என்று வைத்துக்கொண்டாலும் 60க்கு 80 அங்குலத்தில் 4,800 சதுர அங்குலம், 96 டாலர் ஆகிறது. அடித்துணி நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், ஆகவே 68க்கு 88. துணியின் அகலம் 42 அங்குலம்தான் என்பதால் 88 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வாங்கி நடுவில் இணைக்க வேண்டும், அது ஐந்து கஜம். கஜம் 12 டாலர் என்றால் 60 டாலர். பேட்டிங் தனி. 'டாப் முடிந்துவிட்டது, கொஞ்சம்தான் பாக்கி' என்று மனம் சொல்லும் நேரத்தில் பர்ஸ் பேட்டிங்கோடு சேர்த்து இன்னொரு 175 டாலர் வரை எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. பத்து டாப் கிடப்பில் இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் இங்கேயே நிற்பதில்லை. டாப்பே முடியாமல் நிற்பவற்றில் ஒரு ராஜகுடும்பம் உண்டு. வெர்மான்ட் மாநிலத்து ஜேன் ஸ்டிக்கில் 1863-இல் உள்நாட்டுப் போர் நடுவே தைத்து முடித்த போர்வையின் மூலையில் 'போர்க்காலத்தில்' என்ற சொல்லும், ஆண்டும், 5,602 துண்டுகள் என்ற எண்ணும், தன் பெயரும் தைத்துவிட்டுப் போனார். நடுவில் 169 கட்டங்கள், ஒவ்வொன்றும் நாலரை அங்குலம், ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. ஓரத்தில் 52 முக்கோணம், மூலைக்கு ஒன்றாக நாலு. ஆக 225 வடிவங்கள். கட்டத்துக்குச் சராசரி இருபத்தைந்து துண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டத்தில்! பெனிங்டன் அருங்காட்சியகம் துணியின் நலிவைக் கருதி ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே அதை வெளியே எடுக்கிறது.

1996-இல் பிரெண்டா பாபடாகிஸ் என்பவர் இந்த வடிவங்களை 'டியர் ஜேன்' என்ற புத்தகமாக வெளியிட்டார். அன்றிலிருந்து உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஜேனைத் தொடங்கினார்கள். முதல் வரிசை உற்சாகத்தில் ஓடிவிடும். முப்பது நாற்பதாவது கட்டத்தில் இன்னும் நூற்றுச் சொச்சம் இருக்கிறதே என்ற கணக்கு உறைக்கும். அடுத்த நாள் அது பெட்டிக்குள் போகும். ஜேனுக்கு இருந்த ஒரு வசதி நமக்கில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்: அவர் தைத்தபோது அடுத்த மாதப் புது வடிவம் என்று யாரும் கதவைத் தட்டவில்லை.

சரி, கிடப்பை எங்கிருந்து பிடிப்பது? பலரும் மிகப் பழையதிலிருந்தோ மிக எளியதிலிருந்தோ தொடங்குகிறார்கள். அதைவிட, கெட்டுக்கொண்டிருப்பதிலிருந்து தொடங்குவதே சரி. துணிதானே, பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்பது பாதி உண்மை. ஊக்கு குத்தி வைத்த போர்வை ஈரக்காற்றுப் பட்டுக் கிடந்தால் ஊக்கு துருப்பிடிக்கும்; அந்தக் கறை சோப்புக்கு மசியாது. ஸ்ப்ரே அடித்து ஒட்டியதன் பிடி நாளாக ஆகக் கழன்றுவிடும், அடுக்குகள் நழுவும். துணியின்மேல் வேறு துணி வடிவத்தை வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கு இஸ்திரி போட்டு ஒட்டும் பசைத்தாளை பல ஆண்டு கழித்து எடுத்தால் தாள் தனியாக, பசை தனியாக உதிரும். தையல் கோடு வரைய நீலநிறப் பேனா ஒன்று விற்கிறது. தண்ணீர் பட்டால் கோடு மறையும், ஆனால் அதன்மேல் இஸ்திரிச் சூடு பட்டுவிட்டால் கறை நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனா இன்னொரு வகை. அதில் வரைந்த கோடு இஸ்திரி போட்டதும் மாயமாகும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியைத் தாண்டிய குளிர் பட்டால் திரும்பி வரும். கனடா குளிர்காலத்தில் பார்சல் அனுப்புகிறவர்கள் கவனிக்க.

ஆகவே முதல் நாள் தைக்கவே வேண்டாம். எல்லா டப்பாவையும் திறந்து, துருவும் ஊக்கு, காயும் பசை, வரைந்து விட்ட கோடு இருப்பவற்றைத் தனியே எடுத்து வைத்தாலே போதும். 1880-களின் 'கிரேஸி குவில்ட்' மோகத்தின்போது தைத்து நிறுத்திய பட்டு டாப் ஏதாவது பாட்டி பெட்டியிலிருந்து கிடைத்தால் மட்டும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துப் பட்டில் எடை கூட்டுவதற்காக உலோக உப்பு ஏற்றியிருப்பார்கள். அதனால் நூலே நொறுங்குகிறது. அதை முடிக்கிறேன் என்று ஊசி குத்தினால் ஊசி போன வழியே கிழியும்.

மீதியை ஓட்டுவதற்குக் குவில்ட்காரர்களிடம் வேடிக்கையான வழிகள் உண்டு. 'அமெரிக்கன் பேட்ச்வொர்க் அண்ட் குவில்ட்டிங்' என்ற பத்திரிகை ஆண்டுத் தொடக்கத்தில் கிடப்பு உருப்படிகள் பன்னிரண்டுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதச் சொல்லும். மாதா மாதம் ஒரு எண்ணை அறிவிக்கும். உங்கள் பட்டியலில் அந்த எண்ணில் எது இருக்கிறதோ அதை அந்த மாதம் எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று முடிவு செய்வதில்தான் பாதி சக்தி விரயமாகிறது என்று தெரிந்தவர் யாரோ கண்டுபிடித்த வழி. கறாராகப் பார்த்தால் இதில் ஒரு ஓட்டை: ஜேன் போர்வையும் குழந்தைக்கான சின்னப் போர்வையும் ஒரே மாதம் என்று பட்டியலில் சமமாக உட்கார்ந்திருக்கும். விவரமானவர்கள் 'குவில்ட்டை முடி' என்று எழுதாமல் 'அடித்துணியை இணை', 'ஏழாவது வரிசையைத் தை' என்று எழுதுகிறார்கள்.

பானி ஹன்டர் என்ற வடிவமைப்பாளர் பரப்பிய 'லீடர்ஸ் அண்ட் எண்டர்ஸ்' இன்னும் தந்திரமானது. மிஷினில் தொடர்ச்சியாகத் துண்டுகளைத் தைக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் நூல் சிக்காமல் இருக்கப் பலரும் ஒரு கழிவுத் துணியை ஊசிக்கடியில் விடுவார்கள். அந்த இடத்தில் கழிவுக்குப் பதிலாக வேறொரு கிடப்பு உருப்படியின் இரண்டு சதுரத்தைத் தைத்துவிட்டால்? மிஷின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சதுரங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு போர்வை தைத்து முடியும்போது இன்னொன்றின் பாதி சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். கிடப்பைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பது தைப்பவரைப் பொறுத்தது.

பழையதைத் திரும்ப எடுக்கும்போது வரும் உண்மையான சங்கடம் கால் அங்குலம். குவில்ட் தையலில் எல்லா இணைப்புக்கும் ஓரம் கால் அங்குலம். எட்டு ஆண்டுக்கு முன் வேறொரு மிஷினில் தைத்த கால் அங்குலமும் இன்றைக்குத் தைக்கும் கால் அங்குலமும் ஒன்றாக இருக்காது. முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலம்தான் வித்தியாசம் என்று வையுங்கள். இணைப்பின் இரு பக்கமும் சேர்த்துப் பதினாறில் ஒரு பங்கு. வரிசையில் பதினாறு இணைப்பு இருந்தால் முழுசாக ஒரு அங்குலம் காணோம். புது வரிசை பழைய வரிசையோடு சேராது. ஆகவே புத்தகத்தில் கட்டம் என்ன அளவு என்று போட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டு, கையில் இருக்கும் பழைய கட்டத்தை அளந்து அதற்கு ஏற்ப ஊசியை நகர்த்திக்கொள்ள வேண்டும். துணி போதவில்லை என்றாலும் இதே கதி. துணிக் கம்பெனிகள் ஒரு வரிசை டிசைனை ஒரு முறை அச்சடித்து விற்றுத் தீர்த்தால் பெரும்பாலும் மறுபடி அச்சடிப்பதில்லை. ஒரே சாயம் தேடி அலைவதைவிட, கொஞ்சம்கூடப் பொருந்தாத துணியைத் துணிந்து நாலு இடத்தில் போட்டுவிடுவது பார்வைக்கு நன்றாக இருக்கும். கிட்டத்தட்டப் பொருந்தும் துணிதான் தவறு மாதிரி உறுத்தும்.

இரண்டு வேலையை ஒன்றாக்கிவிட்டால் கிடப்பே விழாது என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் கவந்தியில் டாப் என்று தனியாக ஒன்றே கிடையாது. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, கிழிசல் துணித்துண்டின் விளிம்பை மடித்து வைத்து எல்லா அடுக்கையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வருவார்கள். சுற்றச் சுற்ற உள்நோக்கி நகர்ந்து நடுவில் வந்து முடியும். ஒட்டுப் போடுவதும் குவில்ட்டிங்கும் ஓரம் மூடுவதும் ஒரே ஓட்டத்தில். மூலைகளில் மடித்து வைத்த துணியில் 'ஃபூலா' என்று பூ வைக்காவிட்டால் கவந்தி நிறைவாகாது என்பது அவர்கள் கணக்கு. எந்த நிலையில் நிறுத்தினாலும் அதுவரை தைத்த பகுதி போர்வையாகவே இருக்கும். அமெரிக்காவில் இதற்கு இணையாக, கட்டத்தைத் தைக்கும்போதே பஞ்சையும் அடித்துணியையும் சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு கட்டங்களை இணைக்கும் முறை இருக்கிறது. தரையில் முட்டி போட வேண்டாம், சந்துக்குள் திணிக்க வேண்டாம்.

கைவிடுவதும் கிடப்பைக் குறைக்கும் வேலைதான், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாடக சீசன் டிக்கெட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் பிடித்ததால் இல்லை, காசு கொடுத்ததால். 2004-இல் அதிக விலை கொடுத்து வாங்கிய பழுப்பும் பச்சையுமான துணி இன்று பிடிக்கவே பிடிக்காமல் போனாலும் தூக்கிப் போட மனம் வராததற்குக் காரணம் இதுதான். அந்தக் காசு திரும்பி வராது. முடித்தால் மேலும் 175 டாலர் போகும். கட்டில் போர்வையாகத் தொடங்கியதைத் தைத்த அளவோடு நிறுத்திக் குழந்தைப் போர்வையாக்கலாம். ஜோடி இல்லாத கட்டங்களை எல்லாம் ஒன்றாகக் கலந்து தைத்துவிடலாம். 1995-இல் கேரன் லவுக்ஸ் தொடங்கிய 'ப்ராஜெக்ட் லைனஸ்' நோயுற்ற குழந்தைகளுக்குப் போர்வை சேர்த்துக் கொடுக்கிறது. அங்கே டிசைன் பழைய மோஸ்தரா என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை.

முடிக்காமல் விட்டது சில சமயம் தானாகவே மதிப்புப் பெறுவதும் உண்டு. அறுகோணங்களைத் தாள் வார்ப்பின்மேல் மடித்துத் தைக்கும் ஆங்கில முறையில், துண்டுகள் இணைந்தபின் தாளை உருவிவிட வேண்டும். உருவாமல் விட்டவற்றில் பழைய கடிதமும் கணக்குச் சீட்டும் செய்தித்தாள் துணுக்கும் அப்படியே மாட்டியிருக்கும். எந்த ஆண்டு தைத்தது என்று துணி ஆராய்ச்சியாளர் கண்டுபிடிப்பதற்கு இதைவிட நல்ல தடயம் இல்லை. பிரிட்டனின் குவில்டர்ஸ் கில்டு வைத்திருக்கும் 1718-ஆம் ஆண்டுப் பட்டு விரிப்பிலும் தாள்கள் உள்ளேயே இருக்கின்றன. இதைச் சொல்லிக்கொண்டு யாரும் தன் டப்பாவை மூடிவிட வேண்டாம்.

மற்றபடி, பழைய கிராமத்துக் கூட்டம் வேறு உருவில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. 2003-இல் கேத்தரின் ராபர்ட்ஸ் தொடங்கிய 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' போர்வீரர்களுக்குப் போர்வை கொடுக்கும் அமைப்பு. அங்கே டாப் மட்டும் தைத்து அனுப்புவோர் ஒரு பக்கம், லாங்ஆர்ம் மிஷின் வைத்துக்கொண்டு கூலி வாங்காமல் குவில்ட்டிங் செய்து கொடுப்போர் மறுபக்கம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லாமல் ஒரு போர்வை முடிகிறது. ரீட்டாவின் டப்பாவைப் போன்றவற்றுக்கு 2022-இல் மேசி கப்லான், ஜெனிஃபர் சிமோனிக் என்ற இரு தோழிகள் 'லூஸ் எண்ட்ஸ்' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அம்மாவோ பாட்டியோ பாதியில் விட்டுப் போன பின்னல், குவில்ட், எம்பிராய்டரி எதுவானாலும் குடும்பத்தார் எழுதிப் போட்டால், அந்த வேலை தெரிந்த தன்னார்வலரை முடிந்தவரை பக்கத்து ஊரிலேயே தேடி இணைத்து வைக்கிறார்கள். முடித்துக் கொடுப்பவருக்குக் கூலி கிடையாது. குடும்பத்தார் கொண்டு வரும் பையில் அநேகமாக வடிவக் குறிப்பு இருக்காது. எதை எப்படிச் செய்ய நினைத்தார் என்பதைத் துண்டுகளைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். இப்போது உயிரோடும் ஊசியோடும் இருப்பவர்கள் ஒரு காகிதத்தில் 'அடுத்து இதைச் செய்யணும்' என்று ஒரு வரி எழுதிப் பையில் போட்டு வைத்தால் பெரும் உதவி. வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், அடுத்த ஆண்டு அதே பையைத் திறக்கப்போகும் தனக்கே உதவும்.

குவில்ட்டிங்கும் முடிந்துவிட்டது, பைண்டிங் மட்டும் பாக்கி என்ற நிலையில் நிற்பவையும் உண்டு. அவற்றுக்கு மன்னிப்பு கிடையாது. 60க்கு 80 அங்குலப் போர்வையின் சுற்றளவு 280. முனை சேர்க்கப் பத்து அங்குலம் கூட்டினால் 290. 42 அங்குலப் பட்டை ஏழு எடுத்தால் 294, போதும்போலத் தோன்றும். ஆனால் பட்டைகளைக் குறுக்குவாட்டில் இணைக்கும் ஒவ்வொரு இடமும் இரண்டரை அங்குலம் தின்றுவிடும். எட்டு வெட்டுங்கள். முன்பக்கம் மிஷினில், பின்பக்கம் டிவி பார்த்துக்கொண்டே கையால்.

அதன்பின் பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணிச்சீட்டு. பெயர், ஊர், ஆண்டு. கிடப்பிலிருந்து எழுந்து வந்ததற்கு இரண்டு ஆண்டு எழுத வேண்டும், தொடங்கியது ஒன்று, முடித்தது ஒன்று. நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்து வெட்கப்பட்டுப் பலர் முதல் ஆண்டை விட்டுவிடுகிறார்கள். டாப்பின் துணி எந்தக் காலத்தது, குவில்ட்டிங் எந்தக் காலத்தது என்று பின்னால் வருகிறவர்கள் குழம்பாமல் இருக்க இரண்டையும் எழுதிவிடுவது நல்லது. அந்தச் சூட்டில் மறையும் பேனாவை மட்டும் இந்த வேலைக்கு எடுத்துவிடாதீர்கள்.